முத்துமாலைக்கு ஆறு கை

காலை பத்தரைக்கு வாட்ச்மேனின் மெமரி எண்பத்தாறு சதவீதத்தைத் தொட்டது. சங்குமுனைத் துறைமுகத்தின் கிரேன் கூடத்தில் அதைக் கவனித்தது ஒருத்திதான். தங்கபுஷ்பம். அந்தத் துறைமுகத்தில் ஓடுகிற வயர், கணினி எல்லாம் அவள் பொறுப்பு. பத்து வயதில் உப்பளத்தில் உப்பு வாரியவள். பாதத்தில் உப்பு அரித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் எது தேய்ந்தாலும், எது நிறைந்தாலும், சத்தம் வருவதற்கு முன்னாலேயே அவளுக்கு உறைத்துவிடும்.

வாட்ச்மேன் என்றால் காக்கிச் சட்டை போட்ட ஆள் இல்லை. இரும்பு அலமாரிக்குள் முனகிக்கொண்டு கிடக்கும் கறுப்புப் பெட்டி. கிரேன்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, யாரை உள்ளே விடுவது, யாரைத் தள்ளுவது என்று பார்ப்பது அதன் வேலை.

கிரேன் மேல் ஆள் ஏறுவது நின்று பதினோரு வருஷம் ஆகிறது. நூற்றிருபது அடி உயரத்தில் தகரக் கூண்டுக்குள் வெந்து செய்த வேலையை இப்போது கூடத்துக்குள் ஏசியில் உட்கார்ந்து செய்கிறார்கள். எதிரே திரை, கையில் ஒரு பிடி. பிடியை அசைத்தால் அரை மைல் தள்ளி நாற்பது டன் கண்டெய்னர் அசையும். முதலில் பாஸ்வேர்டு போட்டுத்தான் வேலைக்கு உட்கார்ந்தார்கள். எவனோ ஒருத்தன் எங்கேயோ இருந்துகொண்டு அந்தப் பாஸ்வேர்டைத் திருடி, ஒரு மத்தியானம் கண்டெய்னரைக் கழற்றி விட்டான். கீழே நின்ற இரண்டு பேரை வாரித்தான் எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வாட்ச்மேன். அது பாஸ்வேர்டு கேட்காது, ரேகை கேட்காது. பிடியைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கும். எவ்வளவு அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது, இறக்கும்போது எப்படி நிதானிக்கிறது. ஒருத்தர் கை இன்னொருத்தருக்கு வராது என்ற நம்பிக்கையில் அதைச் செய்திருந்தார்கள். கை மாறினால் இணைப்பை அறுத்துவிடும்.

மேலாளர் தியோடர் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"என்னம்மா புஷ்பம், உன் வாட்ச்மேன் ஆரஞ்சு கலர்ல மினுக்குதான்?"

"எண்பத்தாறு சார். எண்பத்தெட்டு ஆனா சிவப்பு. அதுக்கப்புறம் புதுசா ஒரு ஆள உள்ள விடாது. ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது வாரவங்க எல்லாரும் வேடிக்கதான் பாக்கணும்."

"கப்பல் நிக்குது தாயி. நானூறு கண்டெய்னர். ஒரு தடவ அணைச்சுப் போடு, சரியாப் போயிரும். எங்க வீட்டு டிவிக்கு நான் அதான் செய்வேன்."

"டிவிக்கு ஞாபகம் கெடயாதே சார். இத அணைச்சா எல்லார் கையையும் மறந்துரும். ஒவ்வொருத்தரும் மொதல்ல இருந்து கை காட்டிப் பதியணும்."

"அப்ப நெறஞ்சது நெறஞ்சதாவே கெடக்கட்டும்னா?"

"நெறஞ்சிருந்தாலே சீக்குன்னு அர்த்தம் இல்ல சார். ஒங்க மேசைய எடுத்துக்கிடுங்க. பூரா பேப்பராத்தான் கெடக்கு. ஆனா நான் டீய வைக்கணும்னு சொன்னா நீங்க ஒதுக்கிருவிய. வாட்ச்மேனும் அப்படித்தான், பாதிய சும்மா கைக்கு வாகா எடுத்துப் போட்டிருக்கும், கேட்டா ஒதுக்கிரும். கேட்டாலும் ஒதுங்காம ஒண்ணு கெடக்கும் பாருங்க, அது என்ன, யாரு பேருல கெடக்குன்னு பாக்கணும். அதப் பாக்காம அணைச்சா இன்னைக்கு அடங்கி அடுத்த மாசம் திரும்ப வரும்."

"ஒரு மணிக்குள்ள கண்டுபிடி," என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

தங்கபுஷ்பம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் மொத்தக் கணக்கு: பயன்பாட்டில் எவ்வளவு, கைவாகுக்கு எடுத்து வைத்தது எவ்வளவு, காலி எவ்வளவு. கைவாகுக்கு இருந்தது ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தது. கொடுக்கிறதை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டது, பாவம். அடுத்து, எந்த வேலை எவ்வளவு தின்கிறது என்ற பட்டியல். வைரஸ் பார்க்கிற வேலை, வழி காட்டுகிற வேலை எல்லாம் ஒழுங்காகத்தான் தின்றுகொண்டிருந்தன. கை பார்க்கிற வேலைதான் ஊதிப் போயிருந்தது. அதை ஆள் வாரியாகப் பிரித்தாள்.

கூடத்தில் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து நாற்பத்தொரு பேர். நாற்பது பேருக்கும் ஒரு விரற்கடை நீளத்தில் ஒரு கோடு. ஒரே ஒரு கோடு திரையின் அந்தக் கடைசி வரைக்கும் ஓடியது. மெமரியில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு பெயரில் கிடந்தது.

முத்துமாலை. கிரேன் நான்கு. காலை ஷிப்டு.

ஒரு கை கொஞ்சம் மாறினால் வாட்ச்மேன் உடனே அறுக்காது. வயசாகும், தோள்பட்டை வலிக்கும், மனுஷன்தானே. புதுக் கையையும் பழைய கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நிலைக்கிறது என்று கொஞ்ச நாள் பார்க்கும். நிலைத்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். முத்துமாலை விஷயத்தில் ஏழு மாதமாக எதுவும் நிலைக்கவில்லை. தினமும் ஒரு புதுக் கை. எதையும் தூக்கிப் போட மனசில்லாமல் அது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டே போயிருந்தது.

சேர்த்து வைத்த கைகளை ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்து அடுக்கச் சொன்னாள். அடுக்கி முடித்தபோது ஆறு குவியல் இருந்தது.

அவள் எழுந்து கூடத்துக்குள் போனாள்.

நான்காம் நம்பர் இருக்கையில் முத்துமாலை ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தி நாலு வயசு, மூட்டை தூக்கிப் பரந்த தோள். இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகியிருந்தார். அதே இருக்கையில் பாதியைப் பிடித்துக்கொண்டு ரெக்ஸ்லின் பிடியை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்தாம் நம்பர் கிரேன்.

"யக்கா, வாங்க," என்றாள் ரெக்ஸ்லின், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அண்ணாச்சி டீ குடிக்காவ. அதுவர சும்மா புடிச்சிருக்கேன்."

"டீ எங்க?"

"குடிச்சாச்சு."

"கிளாஸு?"

"கிளாஸயும் சேத்துக் குடிச்சிட்டாவ. போங்கக்கா, வேலையக் கெடுக்காதிய."

மூன்றாம் நம்பரிலிருந்து வியாகப்பன் திரும்பிப் பார்த்தார். முத்துமாலை, ரெக்ஸ்லின் என்று காலை ஷிப்டில் ஒன்றாக இருக்கும் ஆறு பேருக்கும் அவர்தான் தலை. இயந்திரம் வருவதற்கு முன்னால் எல்லோரும் ஒரே செட்டாகக் கப்பலில் மூட்டை தூக்கியவர்கள். ரெக்ஸ்லின் மட்டும் அந்தச் செட்டில் அப்பாவின் இடத்துக்கு வந்தவள்.

"ஆறு கை இருக்கு, வியாகப்பண்ணே," என்றாள் தங்கபுஷ்பம், தாழ்ந்த குரலில். "முத்துமாலை அண்ணாச்சி பேருல ஆறு கை. ஒண்ணு பழசு, அது அவுக கை. மத்த அஞ்சும் யாரு கைன்னு நான் சொல்லணுமா, நீங்களே சொல்லுதியளா?"

வியாகப்பன், தூக்கிய கண்டெய்னரை லாரியில் இறக்கி வைத்துவிட்டு, பிடியைப் பூட்டிவிட்டு, எழுந்து வந்தார்.

"கைய வெளிய எடுத்துக் காட்டும் வே," என்றார் முத்துமாலையிடம்.

முத்துமாலை எடுத்தார். வலது கை மடியில் துள்ளியது. கரையில் போட்ட மீன் மாதிரிதான், ஆனால் மீன் போல முறையில்லாமல் அல்ல, ஒரே தாளத்தில்.

"நடுக்குவாதமாம்," என்றார் முத்துமாலை, யாரோ இன்னொருத்தரின் கையைப் பற்றிச் சொல்வது போல. "மூளைக்குள்ள கம்பி வச்சா நிக்குமாம். துறைமுக ஆஸ்பத்திரியில ஐப்பசி மாசத்துக்குத் தேதி குடுத்திருக்கான். வேலைப் பட்டியல்ல பேரு இருந்தாத்தான் வைப்பான்."

"வாட்ச்மேன் கை சேரலைன்னு மூணு தடவ தள்ளுனா பேரு பட்டியல்ல இருந்து போயிரும்," என்றார் வியாகப்பன். "பேரு போனா கம்பி போச்சு. அதான்."

"எப்படி ஏமாத்துனிய? அஞ்சு பேரு கை மாறி மாறி வந்தும் அது அறுக்கலையே?"

"சப்பரம் தூக்கையில தோள் மாத்துவோம்லா? நடக்கும்போதே, கீழ வைக்காம. மொதல் நாளு அவரு கை மேல நான் கை வச்சேன். ரெண்டு பேருமாப் புடிச்சோம். ஒரு வாரம் அப்படி. பொறவு அவரு கைய மெல்ல உருவிட்டாரு. அடுத்து என் கை மேல நம்ம செட்டு சுடலைமணி வச்சான். அவன் கை மேல இவ. சாமிக்கே தெரியாது தோள் மாறுனது, இந்தப் பெட்டிக்கா தெரியும்?"

தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ரெக்ஸ்லின் கண்டெய்னரை இறக்கி முடிக்கும்வரை பொறுத்தாள்.

"எந்திரி, ரெக்ஸு. கொக்கி காலிதான?"

"காலி. எதுக்கு?"

அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் கிரேன் ஓட்டியதில்லை. பிடியைப் பிடித்து, குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டுவது போல இடமும் வலமும் ஆட்டினாள். திரையில் தூரத்துக் கிரேனின் வெறும் கொக்கி கன்னாபின்னாவென்று போய் வந்தது. மூலையில் பச்சை விளக்கு அணையவே இல்லை. 'முத்துமாலை. சரி.'

வியாகப்பன் குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார்.

"பாத்தியளா?" என்றாள் தங்கபுஷ்பம். "அஞ்சு கைக்கு எடங் குடுத்து எடங் குடுத்து இது வாசலப் பெருசாக்கிருச்சு. இப்ப எவன் வந்து ஆட்டுனாலும் முத்துமாலைதான். அன்னைக்கு பாஸ்வேர்டத் திருடுனவன் இன்னைக்கு வந்தா அதுகூடத் திருட வேண்டாம். சும்மா ஆட்டுனாப் போதும். வியாகப்பண்ணே, ஒங்க மருமகன் எங்க நிக்கான்?"

வியாகப்பன் மெதுவாகச் சொன்னார். "நாலாம் நம்பருக்குக் கீழதான். லாரி."

"ஏழு மாசமா அவன் தலைக்கு மேல கதவத் தொறந்து போட்டிருக்கிய."

ரெக்ஸ்லின் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள். அவர்களுக்கு இதுவரை ஒரே ஒரு பாரம்தான் கண்ணுக்குத் தெரிந்திருந்தது. பாரம் தூக்கிப் பழகியவர்களுக்கு வரும் தப்பு அது. தோளில் இருக்கிறதைத்தான் பார்ப்பார்கள். தலைக்கு மேலே தொங்குவதைப் பார்க்கமாட்டார்கள்.

"அணைச்சிரு தாயி," என்றார் முத்துமாலை.

"அண்ணாச்சி..."

"அணைச்சிரு. என் கம்பிக்காக ஒருத்தன் நசுங்கணுமா? எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் பதி. என் கை ஏறாட்டி நான் வீட்டுக்குப் போறேன். ஆனா இவனுவ பேர மேல சொல்லாத."

"சொல்லாம முடியாது அண்ணாச்சி. பொய் எழுதி ஒரு ஓட்டைய அடைச்சா அதுல இன்னொரு ஓட்டை வரும்."

தங்கபுஷ்பம் தியோடரைக் கீழே கூப்பிட்டுச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது.

"ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்புறேன் பாருங்க!"

"அனுப்புங்க சார்," என்றார் வியாகப்பன். "நானூறு கண்டெய்னரையும் நீங்களே எறக்கிருங்க."

"வாய் வேற! மெமோ, அஞ்சு பேருக்கும் மெமோ!"

"குடுங்க சார், சட்டம் போட்டு மாட்டிக்கிடுதோம்," என்றாள் ரெக்ஸ்லின். பேச்சில் கொழுப்பு இருந்தாலும் கண் கலங்கியிருந்தது.

தியோடர் முத்துமாலையின் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அணைங்கம்மா," என்றார். "எல்லாரும் பதியட்டும். இவரு கை ஏறுனா ஏறட்டும். ஏறலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. விதி எழுதுனது நான் இல்ல."

சாப்பாட்டு நேரத்தில் கிரேன்கள் நின்றன. தங்கபுஷ்பம் வாட்ச்மேனை அணைத்தாள். முனகல் நின்றதும் கூடம் சட்டென்று பெரிசாகிவிட்டது போலிருந்தது. இரண்டு நிமிஷம் கழித்துப் போட்டாள். மெமரி பத்தொன்பது. வாசலில் புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி யாரையும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொருத்தராக உட்கார்ந்து வெறும் கொக்கியை இரண்டு நிமிஷம் ஏற்றி இறக்க வேண்டும். இந்தக் கையை மற்ற கைகளிலிருந்து எவ்வளவு உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியும் என்று அது ஒரு எண் கொடுக்கும். எண்பது வந்தால் பட்டியலில் ஏறலாம். வியாகப்பனுக்குத் தொண்ணூற்று மூன்று. சுடலைமணிக்குத் தொண்ணூற்றொன்று. ரெக்ஸ்லினுக்கு எண்பத்தொன்பது, அவளும் அவள் அப்பாவிடம் கற்ற இன்னொருவனும் ஒரே மாதிரி இறக்குவார்களாம்.

கடைசியாக முத்துமாலை. ஏழு மாதம் கழித்துப் பிடியைத் தொடுகிறார். உட்கார்ந்ததும் கையைத் தொடையில் துடைத்தார். துடைத்த கை துள்ளியது. வியாகப்பன் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"நில்லும் வே அங்ஙன," என்றார் முத்துமாலை.

பிடித்தார்.

பிடித்ததும் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. கொக்கி ஏறியது. தங்கபுஷ்பம் திரையைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தாள். ஐம்பது. எழுபது. தொண்ணூறு. இருபது விநாடிகூட ஆகியிருக்காது, வாட்ச்மேன் பதிவை முடித்துக்கொண்டது.

தொண்ணூற்றொன்பது.

"கெட்டுப் போச்சா?" என்றார் தியோடர், எட்டிப் பார்த்து.

அவள் ஆள் வாரியான கோடுகளை விரித்தாள். இதுவரை பதிந்தவர்களுக்கு ஒரு விரற்கடை. முத்துமாலைக்கு ஒரு புள்ளி. காலையில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்த பெயருக்கு இப்போது கூடத்திலேயே குறைந்த இடம்.

"சார்," என்றாள். அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். "நம்ம கையெல்லாம் ஏறக்கொறைய ஒண்ணு போலதான். பிரிச்சுச் சொல்ல அது நெறைய ஞாபகம் வச்சிக்கிடணும். இவுக நடுக்கம் ஒரு விநாடிக்கு அஞ்சு தடவ, கடிகாரம் மாதிரி, மாறவே மாட்டேங்குது. இத எவனும் திருட முடியாது. நடிக்கவும் முடியாது. இந்தக் கூடத்துலயே வாட்ச்மேனுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆளு இவுகதான்."

"அதெல்லாம் சரி, கண்டெய்னர் ஆடுமே?"

"காத்துக்கு ஆடாம இருக்க கிரேனுலயே வடிகட்டி இருக்கு சார். இவ்வளவு வேகமான ஆட்டத்த அது கண்டுக்கிடாது. பாருங்க, கொக்கி ஆடுதா?"

கொக்கி ஆடவில்லை.

தங்கபுஷ்பம் வியாகப்பன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மொதமொதல்ல அவுகளுக்குக் கை நடுங்குன அன்னைக்கு வாட்ச்மேன் என்ன சொல்லுச்சு?"

வியாகப்பன் தலையைச் சொறிந்தார். "அத எங்க சொல்ல விட்டோம்?"

முத்துமாலை இருக்கையோடு சுழன்றார். ஏழு மாதத்தில் அந்தக் கூடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

"அடப் பாவிகளா! டாக்டர் அப்பவே சொன்னான்ல, கை சும்மா கெடந்தாத்தான் இது ஜாஸ்தி ஆடும், எதையாவது புடிச்சா அடங்கும்னு. சும்மா கெடக்க வச்சிட்டியள! தொடைக்கு நடுவுல கைய வச்சு ஏழு மாசம் பொம்ம மாதிரி! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்ன ஓட்ட விட்டியளா லே?"

"நீரு கேட்டீரா?" என்றார் வியாகப்பன், அவரும் கத்தினார். "வாயத் தொறந்து கேட்டீரா?"

"அஞ்சு பேரு எனக்காவ ரெண்டு கிரேன் வேல பாக்கிய. எந்த மூஞ்சிய வச்சுக் கேக்க?"

ரெக்ஸ்லின் திரும்பி நின்று துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். தியோடர் இரண்டு தடவை கனைத்தார்.

"டாக்டர் பேப்பர் வாற வரைக்கும் காலிக் கண்டெய்னர் மட்டும்," என்றார். "சரக்கு இருக்கிற கண்டெய்னர் பக்கம் போனீருன்னா நானே வயரப் புடுங்கிருவேன். மெமோ மெமோதான். அதுல மாத்தம் இல்ல." படியேறும்போது நின்று, "சாப்பிட்டியளா எல்லாரும்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஒன்றே முக்காலுக்குக் கிரேன்கள் மறுபடி ஓடின. முத்துமாலை ஒரு காலிக் கண்டெய்னரைக் கப்பலிலிருந்து எடுத்தார். மற்ற ஐந்து பேரும் தங்கள் இருக்கைக்குப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்கள். தங்கபுஷ்பமும் நின்றாள். அறிக்கை எழுத வேண்டும், அதற்கு இன்னும் நேரம் இருந்தது.

கண்டெய்னர் மெதுவாகக் கரைக்கு வந்தது. கீழே லாரி காத்திருந்தது. லாரிக்கு மேலே ஒரு முழ உயரத்தில் முத்துமாலை அதை நிறுத்தினார். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். கீழே இருக்கிறவன் காலை ஊன்றிக்கொள்ளட்டும் என்பது போல. பிறகு சத்தமே இல்லாமல் வைத்தார்.

வயர்லெஸ் கரகரத்தது. வியாகப்பனின் மருமகன் குரல்.

"நாலாம் நம்பர்ல யாரு? முத்துமாலை மாமாவா?"

கூடத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துமாலை வயர்லெஸை இடது கையால் எடுத்தார்.

"ஆமால. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"மாமா எறக்குனா தெரியாதா? லாரி நோகாது. நடுவுல கொஞ்ச நாளா யாரோ எறக்குனாங்க, வண்டி குலுங்கிப் போச்சு. லீவுல போயிருந்தியளோ?"

முத்துமாலை பின்னால் நின்ற ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமா மாப்ள," என்றார். "வீட்டுல விடமாட்டேன்னுட்டாங்க."